காபன் கணக்கும் கமக்காரரும்

இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்திலிருந்து நம் கமக்காரர் அறியத்தக்கவை

"தேறிய பூச்சியம்" என்னும் சொற்றொடர் அண்மைக் காலத்தில் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் அடிக்கடி வழங்கி வருகின்றது. 2050ஆம் ஆண்டளவில் இந்நிலையை எய்துதல் வேண்டுமென இலங்கை அரசாங்கமும் குறிக்கோள் கொண்டு, அதற்கான வழித்திட்டமொன்றை 2023ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்று மகாநாட்டு மண்டபங்களில் பேசப்படும் இப்பொருள் வயல் வரம்புக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் வந்து சேர நெடுங்காலம் செல்லாது. ஆதலால், இத்தகைய இலக்கு ஏற்கனவே விதிக்கப்பட்ட ஓரிடத்தில், அங்கு வாழ்ந்து தொழில் செய்யும் கமக்காரருக்கு அதனால் நேர்ந்தவை யாவை என்பதை நாம் முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

அவ்விடம் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிப் பிரதேசத் தேசியப் பூங்காவாகும். அந்நாட்டின் குளிரும் புல்மலையும் நமக்கு அந்நியமானவை. எனினும், அங்குள்ள ஆட்டுக் கமக்காரர் எழுப்பும் வினாக்களை நாளை நாமும் எழுப்ப நேரிடும். இலக்கொன்று நன்மை பயப்பதும் தீமை விளைப்பதும் இரண்டு விடயங்களைப் பொறுத்தன: கணக்கு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பது ஒன்று, செலவை யார் ஏற்கின்றனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

தேறிய பூச்சியம் என்பது யாது?

ஓராண்டில் களஞ்சியத்துள் இட்ட நெல்லும் அதிலிருந்து எடுத்த நெல்லும் ஒத்த அளவினவாயின், இருப்புக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வளிமண்டலத்தையும் அத்தகையதொரு களஞ்சியமாகக் கருதலாம். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதாலும் காடழிப்பதாலும் காபனீரொட்சைட்டு அதனுட் சேர்கின்றது. கால்நடைகளிலிருந்தும் நீர் நிறைந்த நெல்வயல்களிலிருந்தும் மெதேன் சேர்கின்றது. நைதரசன் பசளையிட்ட மண்ணிலிருந்து நைத்திரசு ஒட்சைட்டுச் சேர்கின்றது. இவ்வாயுக்கள் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பன. நூறாண்டுக் கணக்கில், ஒரு தொன் மெதேன் ஏறக்குறைய 27 தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகும். ஒரு தொன் நைத்திரசு ஒட்சைட்டு ஏறக்குறைய 273 தொன்னுக்கு ஈடாகும்.

மறுபுறத்தில், வளரும் மரங்களும், ஈரம் காக்கப்பட்ட சதுப்பு நிலங்களும், சேதனப் பொருள் மிகும் மண்ணும் காபனை வளியிலிருந்து எடுத்துச் சேமிக்கின்றன. வெளிவிடும் அளவும் மீட்டெடுக்கும் அளவும் சமமாகும் நிலையே தேறிய பூச்சியம் எனப்படும். இந்நிலையை அடைய இரு வழிகள் உள. வெளிவிடுவதைக் குறைத்தல் முதலாவது வழி. மீட்டெடுப்பதைப் பெருக்குதல் இரண்டாவது வழி. முதலாவது கடினமானது, இரண்டாவது எளிதெனத் தோன்றுவது. ஆகவே, நகரத்துப் புகையைக் குறையாது விட்டு, அதற்கு ஈடாகக் கிராமத்து நிலத்தைக் கேட்கும் எண்ணம் எங்கும் எழுதல் இயல்பே. கமக்காரர் விழிப்பாயிருத்தற்குரிய இடம் இதுவாகும்.

ஏரிப் பிரதேசம்

ஏரிப் பிரதேசம் 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கு ஆதாரமாயிருந்தது. இதன் பரப்பு 2,362 சதுர கிலோமீற்றராகும். அஃதாவது, நமது வவுனியா மாவட்டத்திலும் சற்றுப் பெரிது. இங்கிலாந்தின் மிகவுயர்ந்த மலையாகிய ஸ்காபெல் பைக் (978 மீற்றர்), மிகப் பெரிய ஏரியாகிய வின்டமியர் ஆகிய இரண்டும் இதனுள் அடங்குவன.

தேசியப் பூங்கா என்றவுடன் வில்பத்துவையும் யாலையையும் போன்ற மனிதர் குடியிராத வனமென நம்மவர் எண்ணுதல் கூடும். இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்கள் அத்தகையன அல்ல. ஏரிப் பிரதேசத்தினுள் ஏறக்குறைய 40,000 மக்கள் வாழ்கின்றனர். ஊர்களும் பாடசாலைகளும் கமங்களும் அங்குள்ளன. நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்கு உரியது. பூங்கா அதிகாரசபைக்குச் சொந்தமான நிலம் நூற்றுக்கு நான்கு வீதமளவே. பள்ளத்தாக்கில் வேலியடைத்த புல்வயல்களும், மேலே வேலியற்ற பொது மேய்ச்சல் மலைகளும் உள. ஹேர்ட்விக் என்னும் செம்மறியாட்டினம் அம்மலைகளுக்கே உரியது. பல நூற்றாண்டுகளாக நடைபெறும் இவ்வாட்டுக் கமத்தொழிலும் கல்மதில்களும் சேர்ந்து உருவாக்கிய நிலத்தோற்றத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

காலநிலை மாற்றம் அங்கு ஏட்டளவிலான பேச்சன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வீசிய டெஸ்மண்ட் என்னும் புயலின்போது, ஹொனிஸ்டர் என்னுமிடத்தில் 24 மணித்தியாலத்தில் 341.4 மில்லிமீற்றர் மழை பெய்தது. ஐக்கிய இராச்சியத்தில் அதுவரை அளவிடப்பட்ட ஒருநாள் மழையில் அதுவே மிகப் பெரியது. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன, வீதிகள் அறுந்தன, வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கின.

இலக்கும் அதனை விதித்தோரும்

ஐக்கிய இராச்சியப் பாராளுமன்றம் 2008ஆம் ஆண்டில் காலநிலை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 2050ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் தேறிய பூச்சியத்தை எய்துதல் வேண்டுமென 2019ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஏரிப் பிரதேசத்தினர் அதனினும் முந்தியதொரு தவணையை, அதாவது 2037ஆம் ஆண்டைத் தமக்கு வகுத்துக்கொண்டனர்.

இத்தவணையை வகுத்தது தனியொரு திணைக்களமன்று. பூங்கா அதிகாரசபை, உள்ளூராட்சி மன்றங்கள், வனத்துறை, நீர் வழங்கும் கம்பனி, இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள், கமக்காரர் சங்கம், பொது மேய்ச்சல் உரிமையாளர் சம்மேளனம் முதலியன சேர்ந்த கூட்டுக் குழுவொன்று இதனைப் பொறுப்பேற்றது. நம் நாட்டில் குளத்து நீரை எந்நாளில் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பவற்றைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உத்தியோகத்தரும் கமக்காரரும் சேர்ந்து முடிவு செய்தலை இதற்கு ஒப்பாகக் கூறலாம். நிலத்தின் நான்கு வீதத்தை மாத்திரம் உடைய அதிகாரசபை, ஏனைய தொண்ணூற்றாறு வீதத்தின்மீது கட்டளையிட்டு இலக்கை எய்துதல் இயலாது என்பது வெளிப்படை. கட்டட அனுமதியை வழங்கவும் மறுக்கவும் அதற்கு அதிகாரமுண்டு. ஒருவர் எத்தனை ஆடு வளர்த்தல் வேண்டுமென விதிக்கும் அதிகாரமில்லை.

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மத்திய அரசாங்கமும் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்புகள் யாவற்றுக்கும் பொதுவான இலக்குகளை வெளியிட்டது. பத்துத் தேசியப் பூங்காக்களும், தேசிய நிலத்தோற்றங்கள் எனப் பெயரிடப்பட்ட முப்பத்துநான்கு பிரதேசங்களும் இவற்றுள் அடங்கும். 1990ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு, 2050இல் தேறிய பூச்சியத்தை நோக்கி வெளிவிடுகையைக் குறைத்தல், அதே ஆண்டளவில் ஏறக்குறைய 130,000 ஹெக்டேயர் முற்றா நிலக்கரி நிலத்தைச் சீர்செய்தல், மரச்செறிவை மொத்த நிலப்பரப்பின் மூன்று வீதத்தினால் கூட்டுதல் என்பன அவற்றுட் சிலவாகும்.

எதனை எண்ணுவது?

கணக்கெழுதுவோர் முதலில் வரம்பு கட்டுதல் வேண்டும். ஏரிப் பிரதேசத்தில் இவ்வரம்பு எளிதில் அமையவில்லை. ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் அங்கு வருகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தத்தம் மோட்டார் வண்டியிலேயே வருகின்றனர். பூங்காவின் எல்லைக்குள் வெளிப்படும் புகையை மாத்திரம் எண்ணினால், அவ்வண்டிகள் இலண்டனிலிருந்தும் மான்செஸ்டரிலிருந்தும் ஓடிவந்த தூரம் கணக்கில் வாராது. ஆட்டின் மெதேன் முழுவதும் கணக்கில் வரும். அப்போது ஊர்க் கமக்காரனே பெருங் கடனாளியாகத் தோற்றுவான், விருந்தாளி கடனற்றவனாவான்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, லங்காஸ்டரிலுள்ள ஸ்மோல் வேர்ல்ட் கன்சல்ரிங் என்னும் நிறுவனம் வேறொரு முறையைக் கையாண்டது. குடியிருப்போர் உண்ணும் உணவு, வாங்கும் பொருள், செய்யும் பிரயாணம் ஆகியவற்றோடு, விருந்தாளிகள் வந்து திரும்பும் பிரயாணமும் இம்முறையில் எண்ணப்படுகின்றது. நிலத்திலிருந்து வெளிப்படுவதும் நிலம் உறிஞ்சுவதும் தனியே காட்டப்படுகின்றன. இவ்வாறு எழுதிய கணக்கில் விருந்தாளிகளின் போக்குவரத்துப் பெரும் பங்கினதாய்க் காணப்பட்டது.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாகும். உள்ளூரில் ஆடுகளைக் குறைத்துவிட்டு, அதே இறைச்சியை நியூசிலாந்திலிருந்து கப்பலில் இறக்கினால், பூங்காவின் கணக்குச் சிறுக்கும். உலகின் கணக்குச் சிறுக்காது. உணவை விளைவிப்போர் தலையில் மாத்திரம் சுமையை ஏற்றி, உண்போரை விடுவிக்கும் கணக்கு ஏட்டுச் சுரைக்காய்க்கு ஒப்பாகும்.

மண்ணிற் கிடக்கும் செல்வம்

ஏரிப் பிரதேசத்தின் மலைமுடிகளில் முற்றா நிலக்கரி மண் பரந்து கிடக்கின்றது. இது நீரில் ஊறிய பாசிகளும் புற்களும் முழுதும் உக்காது, ஆண்டாண்டாகப் படிந்து உண்டான கருநிறச் சேற்று மண்ணாகும். நீர்கொழும்புக்குத் தெற்கேயுள்ள முத்துராஜவெலச் சதுப்பிலும் இவ்வகை மண்ணைக் காணலாம். நல்ல நிலையிலுள்ள மண் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே வளரும். ஒரு மீற்றர் ஆழம் உண்டாக ஆயிரம் ஆண்டுகள் செல்லும். ஐக்கிய இராச்சியத்தின் இம்மண்ணில் ஏறக்குறைய 300 கோடி தொன் காபன் அடங்கியுள்ளதென மதிப்பிடப்பட்டுள்ளது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் உணவு உற்பத்தியைப் பெருக்கும் நோக்குடன், மலைச்சதுப்புகளில் கான் வெட்டி நீரை வடிப்பதற்கு அந்நாட்டு அரசாங்கம் பண உதவி வழங்கியது. கமக்காரர் அதனை ஏற்று ஆயிரக்கணக்கான மைல் கான்களை வெட்டினர். நீர் வடிந்ததும் மண்ணுட் காற்றுப் புகுந்தது. காற்றுப் புகுந்ததும் உக்காதிருந்த பொருள் உக்கத் தொடங்கிக் காபனீரொட்சைட்டாக வெளியேறியது. மழைநீரும் தங்காது விரைந்தோடிப் பள்ளத்தாக்கில் வெள்ளத்தைப் பெருக்கியது. சேமித்து வைத்திருந்த நிலம் இவ்வாறு இழக்கும் நிலமாயிற்று.

இன்று அதே கான்களைக் கட்டையாலும் கல்லாலும் மண்ணாலும் அடைப்பதற்கு அரசாங்கமே பணம் வழங்குகின்றது. கானை அடைத்து, வெறுமையான இடங்களில் ஸ்பக்னம் என்னும் பாசியை நட்டு, ஆடுகளின் எண்ணிக்கையை அவ்விடத்தில் மட்டுப்படுத்தினால், நீர்மட்டம் உயரும், உக்குதல் தணியும். முதலிற் கிடைக்கும் பயன் இழப்பு நிற்றலாகும். புதிய சேமிப்புப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே தொடங்கும். ஆதலால், கெட்ட நிலத்தைத் திருத்துவதினும் கெடாத நிலத்தைக் காப்பது மலிவானது.

மரம் நடுதலும் இடமறிதலும்

மரம் நடுதல் எங்கும் நன்றே என்னும் எண்ணம் பொதுமக்களிடையே வேரூன்றியுள்ளது. ஏரிப் பிரதேசத்தை உள்ளடக்கிய கம்பிரியா மாகாணத்தில் இவ்வெண்ணம் ஒரு பாடத்தைத் தந்தது. அங்கு ஆழமான முற்றா நிலக்கரி நிலத்தில் மரம் நட அனுமதி வழங்கியமை தவறென 2020ஆம் ஆண்டில் வனத்துறையே ஏற்றுக்கொண்டது. அத்தகைய நிலத்தில் நடுவதற்காக மண்ணைக் கிளறும்போதும், வளர்ந்த மரம் நீரை உறிஞ்சும்போதும், மரம் சேமிக்கும் காபனிலும் மிகுதியான காபனை மண் இழத்தல் கூடும்.

மரத்துக்குத் தக்க இடங்கள் அங்கு வேறு உள. ஓடைக் கரைகளிலும், செங்குத்தான சரிவுகளிலும், வயலோர வேலிகளிலும் நட்ட மரங்கள் கரையைத் தாங்கி, கால்நடைக்கு நிழல் தந்து, மேய்ச்சலையும் கெடுக்காது வளர்கின்றன. இடமறிந்து நடுதலே அறிவுடைமை.

செம்மறியாடும் நெல்வயலும்

ஆட்டின் இரைப்பைக்கும் நம் வயலுக்கும் நெருங்கியதோர் ஒப்புமையுண்டு. புல்லை உண்ட ஆட்டின் முதலாம் இரைப்பையில் காற்றில்லை. காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கு மெதேனை உண்டாக்குகின்றன. நெல்வயலில் நீர் தொடர்ந்து நிற்கும்போது சேற்றினுள்ளும் காற்றில்லை. அதே வகை நுண்ணுயிர்கள் அங்கும் வைக்கோலையும் வேரையும் உக்கச்செய்து மெதேனை வெளிவிடுகின்றன. ஆகவே, ஏரிப் பிரதேசத்தின் ஆட்டுக் கமக்காரரும் இலங்கையின் நெற்செய்கையாளரும் காபன் கணக்கின் ஒரே பக்கத்தில் எழுதப்படுவோராவர்.

இங்கு ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். மெதேன் வளியில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளே நிற்கும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததால் உண்டான காபனீரொட்சைட்டோ பல நூற்றாண்டுகள் நிற்கும். மந்தையின் தொகையும் வயலின் பரப்பும் கூடாதிருப்பின், அவற்றால் வளியிலுள்ள மெதேன் தொடர்ந்து பெருகுவதில்லை. எரிபொருளின் புகையோ ஆண்டுதோறும் முன்னையதன்மேற் குவிகின்றது. இவ்விரண்டையும் ஒரே நிறையால் நிறுக்கும் கணக்கு, உணவு விளைவிப்போருக்கு நீதி செய்யாது. அதேவேளை, மெதேனைக் குறைத்தால் பயன் விரைவிற் கிடைக்கும் என்பதும் உண்மையே. ஆகவே, விளைச்சல் குன்றாது குறைக்கத்தக்க அளவைக் குறைத்தல் நம் கடமையாகும்.

செலவை ஏற்பவர் யார்?

மலைக் கமக்காரரின் வருமானம் சிறிது. ஆட்டு மயிரின் விலை, அதனைக் கத்தரிக்கும் கூலிக்கும் போதாத ஆண்டுகள் பல. அரசாங்கம் நிலப்பரப்பின்படி வழங்கிவந்த உதவிப்பணத்தாலேயே பல குடும்பங்கள் தொழிலை நடத்தின. 2021ஆம் ஆண்டு தொடக்கம் அப்பணம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2027ஆம் ஆண்டுடன் முடிவுறுமாறு ஒழுங்கு செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக, மண், நீர், மரம் ஆகியவற்றைப் பேணும் பணிக்குப் பணம் வழங்கும் திட்டங்கள் கொண்டுவரப்பட்டன. பொதுமக்களுக்குப் பயன்படும் பணிக்குப் பொதுப்பணம் என்னும் இக்கொள்கை நியாயமானதே. ஆயின், அத்திட்டங்களுட் பெரியதொன்று, ஒதுக்கிய பணம் தீர்ந்தமையால், 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆந் திகதி புதிய விண்ணப்பங்களை முன்னறிவித்தலின்றி நிறுத்தியது. பழைய உதவி குறைந்துகொண்டிருக்கப் புதிய உதவியின் வாயிலும் அடைபட்டதால், விண்ணப்பிக்க எண்ணியிருந்தோர் பெரும் இடருக்குள்ளாயினர்.

பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பும் ஒன்றுண்டு. வேலியற்ற மலையில் ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய இடத்தை விட்டு அகலாது மேயும். எவ்விடத்திற் புல் நல்லது, எப்பாறையின் மறைவில் பனிக்கு ஒதுங்கலாம் என்பவற்றைக் குட்டி தாயிடமிருந்து பழகிக்கொள்ளும். இவ்வுரிமை இடத்தை அவ்வூரார் ஹீஃப் என்பர். கமம் கைமாறும்போது மந்தையும் மலையோடு சேர்ந்தே கைமாறுவது வழக்கம். 2001ஆம் ஆண்டில் கால்வாய் நோய் பரவி, ஐக்கிய இராச்சியத்தில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டபோது, மிகவும் பாதிக்கப்பட்ட மாகாணம் கம்பிரியாவாகும். மந்தையை முற்றாக இழந்த மலைகளில் புதிய ஆடுகளைப் பழக்குவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

ஆட்டு மேய்ச்சல் மிகுந்ததாலேயே மலையின் மரமும் பூண்டும் குன்றின என இயற்கை ஆர்வலர் கூறுகின்றனர். அதில் உண்மையுண்டு, பல மலைகளில் ஆடுகளைக் குறைத்த பின்னர்ச் செடிகள் மீண்டும் தழைத்துள்ளன. அறிவும் மந்தையும் ஒருமுறை அற்றுப்போனால் அவற்றை விலைக்கு வாங்கல் இயலாதெனக் கமக்காரர் கூறுகின்றனர். அதிலும் உண்மையுண்டு. மந்தையைச் சிறிதாக்குதல் வேறு, அறவே நீக்குதல் வேறு என்பதை உணர்ந்து, பொது மேய்ச்சல் உரிமையாளர் யாவரும் ஒப்பிய உடன்படிக்கையின் கீழ் நடைபெறும் வேலையே நிலைத்திருக்கின்றது.

நாம் பட்டறிந்த பாடம்

இலக்கை விதிப்பதும் வழியை வகுப்பதும் வெவ்வேறு என்பதை நாம் பிறரிடம் கற்கவேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மண்ணையும் உடல்நலத்தையும் காக்கும் நோக்கம் கூறப்பட்டது. போதிய சேதனப் பசளை கைவசமிருக்கவில்லை; படிமுறையான காலவரையறை இருக்கவில்லை; கமக்காரரின் சம்மதமும் இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ச்சியடைந்தது. அதன் துன்பத்தை நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் ஒருங்கே அனுபவித்தனர்.

ஆதலால், காபன் தொடர்பான திட்டமெதுவும் கிராமத்துக்கு வரும்போது, கமக்கார அமைப்புகள் பின்வரும் வினாக்களை எழுப்பி விடை பெறுதல் வேண்டும்.

1. கணக்கின் எல்லை யாது? எவருடைய வெளிவிடுகை எண்ணப்படுகின்றது? எவருடையது விடப்படுகின்றது?

2. இன்றைய அளவு எவ்வாறு பெறப்பட்டது? பின்னர் எவர், எவ்வாறு அளப்பர்?

3. விளைச்சல் குறைந்தால் அல்லது செலவு கூடினால் ஈடுசெய்பவர் யார்? அப்பணம் எத்தனை ஆண்டுக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது?

4. காபன் உரிமையை விற்கும் உடன்படிக்கையெனின், நிலம் எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்படும்? பிள்ளைகளுக்கு நிலம் சென்ற பின்னரும் அக்கட்டு நீடிக்குமா?

எழுத்திற் காட்டப்படாத விடையை விடையாகக் கொள்ளலாகாது. தமிழில் எழுதப்படாத உடன்படிக்கையில், பொருளை முழுதும் விளங்கிக்கொள்ளாது கையொப்பமிடலாகாது.

இப்போதே செய்யத்தக்கவை

கமக்காரருக்கு இலாபமும் வளிமண்டலத்துக்கு நன்மையும் ஒருங்கே தரும் வேலைகள் சில உள. இவற்றைத் தொடங்குவதற்கு எவரது இலக்குக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நீரை மாறிமாறிக் கட்டுதலும் வடியவிடுதலும்: சிறுபோகத்தில் குளத்து நீரால் செய்யும் வயல்களுக்கு இம்முறை ஏற்றது. 30 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்திக்குக் குழாயின் அல்லது மூங்கிற் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, துளையுள்ள 15 சென்ரிமீற்றர் பகுதி மண்ணினுள் இருக்குமாறு புதைத்து, உள்ளேயுள்ள மண்ணை அகற்றுக. விதைத்து மூன்று வாரங்களின் பின்னர், குழாயினுள் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்புக்குக் கீழே 15 சென்ரிமீற்றருக்கு இறங்கியதும், வயலில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் கட்டுக. பூப்பதற்கு ஒரு வாரம் முன்னிருந்து பூத்து ஒரு வாரம் வரை வயலை வற்றவிடலாகாது. இம்முறையால் நீர் நூற்றுக்கு 30 வீதம் வரை மீதப்படும். மெதேன் ஏறக்குறைய பாதியளவாகக் குறையும். முறைப்படி செய்தால் விளைச்சல் குன்றாது. உவர் நிலங்களில் இதனைக் கையாளலாகாது. வாய்க்காலில் நீர் வரும் முறைநாளோடு இது பொருந்தவேண்டுமாதலால், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் யாவரும் கூடித் தீர்மானித்தல் அவசியம்.

வைக்கோல்: வைக்கோலை எரித்தலாகாது. நீர் கட்டிய வயலில் பச்சையாக அமிழ்த்துவதும் மெதேனைக் கூட்டும். அறுவடை முடிந்ததும் வயலிற் பரப்பி, அடுத்த விதைப்புக்கு ஒரு மாதத்தின் முன்னரே உழுது மண்ணோடு கலத்தல், அன்றிக் கூட்டெருவாக்கி இடுதல் நன்று.

யூரியா: ஒரே தடவையிற் கொட்டாது, சிபார்சு செய்யப்பட்ட அளவை உரிய பருவங்களிற் பிரித்து இடுக. நீர் வடிந்த வயலில் இட்டு உடனே நீர் கட்டினால் நைதரசன் மண்ணுட் சென்று பயிருக்குப் பயன்படும். மரக்கறிச் செய்கையாளர் மண்பரிசோதனை செய்வித்து, இட்ட கூட்டெருவையும் கோழியெருவையும் கணக்கிற் கொண்டே யூரியாவின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். மிகையாக இட்ட நைதரசன் ஒரு பங்கு நைத்திரசு ஒட்சைட்டாய் வளியிற் செல்லும். மறு பங்கு நைத்திரேற்றாய் நிலத்தடி நீரிற் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் இதற்குச் சான்றாகும்.

சரிவு நிலங்கள்: மலைச்சரிவில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் முதலியன செய்வோர், சமவுயரக் கோட்டில் அணைகளும் கான்களும் அமைத்து, மேல்மண் அள்ளுண்டு போகாது காத்தல் வேண்டும். மேல்மண்ணோடு செல்வது பசளை மாத்திரமன்று. மண்ணிற் சேர்ந்த காபனுமாகும்.

பதிவுப் புத்தகம்: நீர் கட்டிய நாள், இட்ட பசளையின் அளவு, பெற்ற விளைச்சல் ஆகியவற்றைப் போகந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்குக. பிற்காலத்தில் காபன் கணக்குக் கேட்போர் வருவர். அன்று தன் கணக்கைத் தானே காட்டக்கூடிய கமக்காரரிடம் பிறர் எழுதிய கணக்கைத் திணித்தல் எளிதன்று.

ஏரிப் பிரதேசத்தினர் குறித்த 2037ஆம் ஆண்டு இன்னும் வரவில்லை. கான்கள் அடைக்கப்பட்ட மலைகளில் நீர் தேங்குகின்றது, பாசி படர்கின்றது, கமக்காரர் சிலர் மந்தையைக் குறைத்தும் தொழிலைக் கைவிடாதுள்ளனர், வேறு சிலர் அடுத்த ஆண்டின் உதவிப்பணம் யாதென அறியாது கலங்குகின்றனர். அவர்களது இலக்கு நிறைவேறுமாயின், அது கமக்காரர் உள்ள நிலத்திலேயே நிறைவேறுதல் வேண்டும். நம் நாட்டிலும் அவ்வாறே. அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் செல்லும் கமக்காரர், மேலே கூறிய வினாக்களையும் நீர் கட்டும் முறையையும் அங்கு எடுத்துரைப்பாராக. குழாய் புதைக்கும் முறையை வயலிற் காண விரும்புவோர், தத்தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி, வேண்டிய உதவியைப் பெற்றுக்கொள்ளலாம்.